ஐம்பது வயதிலும் ஓரக்கோட்டில் ஓடியவர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நீண்ட காலம் ஆடிய உதைபந்தாட்ட வீரர்களைப் பற்றி எழுதியபோது, இங்கிலாந்தின் வலது ஓர வீரர் ஸ்ரான்லி மத்தியூஸை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதும் அவருக்கே உரியது.

கேள்வி: எனக்கு வயது முப்பத்தெட்டு. எங்கள் கழகத்தில் வலது ஓரத்தில் ஆடுகிறேன். "அண்ணை, இனிப் பொடியளுக்கு இடத்தை விடுங்கோ" என்று தம்பிமார் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மத்தியூஸ் ஐம்பது வயதில் ஆடினார் என்று எழுதியிருந்தீர்கள். அது அச்சுப்பிழையா, அல்லது ஏதாவது கண்காட்சி ஆட்டமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டும் அல்ல. 1915 பெப்ரவரி 1 ஆம் திகதி ஸ்ரோக்-ஒன்-ரென்ற் நகரின் ஹான்லிப் பகுதியில் பிறந்த மத்தியூஸ், 1932 மார்ச்சில், பதினேழாவது வயதில், ஸ்ரோக் சிற்றிக் கழகத்துக்காகத் தமது முதல் லீக் ஆட்டத்தை ஆடினார். கடைசி லீக் ஆட்டத்தையும் அதே கழகத்துக்காகவே, 1965 பெப்ரவரி 6 ஆம் திகதி, புல்ஹாம் கழகத்துக்கு எதிராக ஆடினார். அன்று அவருக்கு ஐம்பது வயதும் ஐந்து நாள்களும் ஆகியிருந்தன. அது அந்நாட்டின் அதியுயர் பிரிவான முதற்பிரிவு ஆட்டம். ஸ்ரோக் 3–1 என்று வென்றது.

இதைப் பிறவிக்கொடை என்று சொல்லிவிட்டுப் போவது அவருடைய உழைப்பை மறைப்பதாகும். முடி திருத்தும் தொழில் செய்தவரும் குத்துச்சண்டை வீரருமான அவருடைய தந்தை, சிறுவயதிலேயே மகனை விடியுமுன் எழுப்பி உடற்பயிற்சி செய்ய வைத்தார். அந்தப் பழக்கத்தை மகன் கடைசிவரை விடவில்லை. பிளக்பூலில் வாழ்ந்த காலத்தில் நாள்தோறும் காலையில் கடற்கரை மணலில் ஓடினார். மதுவைத் தொடவில்லை, புகைக்கவில்லை, திங்கட்கிழமைகளில் உணவைத் தவிர்த்தார், சக வீரர்கள் பலர் வயிறார இறைச்சி உண்டுவிட்டு ஆடிய காலத்தில் அவர் பழங்களையும் காய்கறிகளையும் கரட் சாற்றையும் நாடினார். கணுக்காலை மூடும் கனத்த சப்பாத்துகளே வழக்கிலிருந்தபோது, தமக்கென எடை குறைந்த சப்பாத்துகளைச் செய்வித்து அணிந்தார்.

ஆகவே தம்பிமார் சொல்லும் வயதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து முதற் பத்து யார் (ஏறத்தாழ ஒன்பது மீற்றர்) தூரத்தில் உங்களை முந்துபவர்கள் உங்கள் கழகத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். அவருடைய வேகம் முழுவதும் அந்தப் பத்து யாருக்குள்தான் இருந்தது. அங்கே நீங்கள் பின்தங்கவில்லையென்றால் இடத்தை விட வேண்டியதில்லை.

கேள்வி: அவருடைய வித்தை எல்லோருக்கும் தெரிந்திருந்தும் தடுக்க முடியவில்லை என்று எங்கள் விளையாட்டு ஆசிரியர் சொன்னார். அது என்ன வித்தை?
– மாணவர், முள்ளியவளை

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது சரியே. மத்தியூஸ் பந்தை வலது காலின் முனையோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் பின்கள வீரரை நோக்கி மெதுவாகவே போவார். அவரைக் கடந்துபோக முயலாமல், அவரே நெருங்கி வரட்டும் என்று விடுவார். கால் நீட்டினால் எட்டும் தூரம் வந்ததும், மைதானத்தின் உட்புறமாகத் தோளையும் இடுப்பையும் சாய்ப்பார். பின்கள வீரரின் உடற்பாரம் அந்தப் பக்கத்துக் காலுக்கு மாறும். மாறிய அந்த நொடியில், மத்தியூஸ் வலது காலின் வெளிப்புறத்தால் பந்தை ஓரக்கோட்டுப் பக்கம் தட்டிவிட்டுப் பாய்ந்துவிடுவார். பாரம் ஏறிய காலைத் தூக்கித் திரும்புவதற்குள் பின்கள வீரர் இரண்டு யார் பின்னால் நிற்பார்.

சாய்வது பொய்யாக இருக்கலாம் என்று அறிவு சொன்னாலும் கால்கள் கேட்பதில்லை என்பதே இதிலுள்ள சூட்சுமம். 1956 மேயில் வெம்பிளியில் பிரேசிலை இங்கிலாந்து 4–2 என்று வென்றபோது, உலகின் தலைசிறந்த இடது பின்கள வீரர்களுள் ஒருவரான நில்ரன் சன்ரொஸ் நாற்பத்தொரு வயது மத்தியூஸிடம் இதே பாட்டைப் பட்டார். நீங்கள் பழகும்போது வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதிரே நிற்கும் நண்பரின் முழங்கால்களைப் பார்த்து, பாரம் மாறும் நொடியைக் கண்டுகொள்ள முதலில் பழகுங்கள்.

கேள்வி: ஆட வேண்டிய வயதைப் போர் கொண்டுபோன தலைமுறை நாங்கள். மத்தியூஸும் போர்க்காலத்தவர் என்கிறார்களே, அவருக்கு அது எப்படி இருந்தது?
– வாசகர், விசுவமடு

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். 1939 செப்ரெம்பரில் போர் தொடங்கியபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. அந்தப் பருவகால லீக் போட்டிகள் சில ஆட்டங்களோடு கைவிடப்பட்டன. லீக் மீண்டும் தொடங்கிய 1946 இல் அவருக்கு முப்பத்தொன்று. ஓர வீரருக்கு உச்சமான ஆண்டுகள் அவைதான். ஆனால் விமானப்படையில் சேர்ந்து பிளக்பூல் பக்கம் பணியாற்றிய அவருக்கு, போர்க்காலத்திலும் பந்தும் மைதானமும் கிடைத்தன. அந்த ஆட்டங்கள் உத்தியோகபூர்வக் கணக்கில் சேரவில்லை, அவ்வளவே. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பதுங்குகுழிகளில் கழிந்த உங்கள் ஆண்டுகளை அதனோடு சமன்படுத்த நான் துணியமாட்டேன்.

எனினும் ஒன்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1947 இல், முப்பத்திரண்டு வயதில், 11,500 பவுணுக்கு அவர் பிளக்பூல் கழகத்துக்கு மாறியபோது, இனி அவரிடம் ஓரிரு பருவகாலங்களே மிஞ்சியிருக்கும் என்று பலரும் எண்ணியிருப்பார்கள். அவருடைய பெரும் பேறுகள் எல்லாம் அதற்குப் பின்னரே வந்தன: 1948 இல் ஆண்டின் சிறந்த வீரர் விருது, 1953 இல் இங்கிலாந்துக் கழகங்களுக்கான எஃப்.ஏ. கிண்ணம், 1956 இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான முதலாவது தங்கப் பந்து. அந்தத் தங்கப் பந்துக்கு இரண்டாமிடத்தில் வந்தவர் றியல் மட்ரிட் கழகத்தின் நட்சத்திர வீரர் டி ஸ்ரெபானோ.

கேள்வி: 1953 எஃப்.ஏ. கிண்ண இறுதிப்போட்டியில் மூன்று கோல் போட்டவர் பிளக்பூலின் மோர்ட்டென்சன். பிறகு ஏன் அதை "மத்தியூஸ் இறுதிப்போட்டி" என்கிறார்கள்?
– வாசகர், மல்லாவி

பதில்: நியாயமான கேள்வி, மத்தியூஸே அந்தப் பெயரை மோர்ட்டென்சனுக்கு உரியதாகக் கருதினார். 1948, 1951 ஆகிய இரண்டு இறுதிப்போட்டிகளில் தோற்றிருந்த அவருக்கு இதுவே கடைசி வாய்ப்பு என்று நாடே நினைத்தது. ஏறத்தாழ இருபது நிமிடங்களே எஞ்சியிருந்தபோது எதிரணியான போல்ற்றன் கழகம் 3–1 என்று முன்னணியில் இருந்தது. ஆனால் அதன் இடதுபக்கம் தளர்ந்திருந்தது: அதன் வீரர் பெல் ஆரம்பத்திலேயே தொடைத் தசைக் காயத்தோடு நொண்டினார், இடது பின்கள வீரர் பாங்ஸ் தசைப்பிடிப்பால் தவித்தார், மாற்று வீரரை இறக்கும் விதியும் அன்று இல்லை. அந்தப் பக்கத்தில்தான் முப்பத்தெட்டு வயது மத்தியூஸ் களைப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். மோர்ட்டென்சன் 3–3 ஆக்கினார். இறுதி நொடிகளில் மத்தியூஸ் கோட்டருகே வரை சென்று பின்னோக்கித் தந்த பந்தைச் சக வீரர் பில் பெரி கோலாக்கினார். கோல்களின் கணக்கில் மோர்ட்டென்சனே நாயகன். கடைசி இருபது நிமிடங்களைப் பார்த்தவர்கள் மத்தியூஸின் பெயரைச் சொன்னதிலும் பிழையில்லை என்பதே என் எண்ணம்.

கேள்வி: இவ்வளவு நீண்ட காலம் ஆடியும் இங்கிலாந்துக்காக 54 ஆட்டங்கள் மட்டும்தானா?
– வாசகர், துணுக்காய்

பதில்: ஆம். 1934 முதல் 1957 வரை, இருபத்து மூன்று ஆண்டுகளில் 54. அக்காலத்தில் அணியைத் தெரிவுசெய்தது ஒரு குழு. அதில் சிலர் அவரைத் தனக்காக ஆடுபவர் என்று கருதி அடிக்கடி விலக்கினர். 1950 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவிடம் இங்கிலாந்து தோற்ற ஆட்டத்தில் அவர் வெளியே அமர்த்தப்பட்டிருந்தார்.

கேள்வி: நாற்பத்தாறு வயதுக்காரரை ஒரு கழகம் ஏன் வாங்கியது? விளம்பரத்துக்கா?
– பயிற்றுநர், மாங்குளம்

பதில்: விளம்பரமும் உண்டு. 1961 ஒக்டோபரில் ஸ்ரோக் சிற்றி அவரைத் திரும்ப அழைத்தபோது அக்கழகம் இரண்டாம் பிரிவில் இருந்தது. முந்தைய சொந்த மைதான ஆட்டத்துக்கு ஒன்பதினாயிரம் பேர்கூட வரவில்லை. அவர் மீண்டும் ஆடிய நாளில் 35,000 பேருக்கு மேல் திரண்டனர். ஆனால் கூட்டத்தோடு கதை முடியவில்லை. 1963 இல் ஸ்ரோக் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலேறியது; அதை உறுதிசெய்த, லூட்டன் கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் போட்டார். அதே ஆண்டு இரண்டாவது முறையாக ஆண்டின் சிறந்த வீரரானார். ஆடிக்கொண்டிருக்கும்போதே, 1965 இல், "சேர்" பட்டமும் பெற்றார்.

கேள்வி: அவர் சிவப்பு அட்டை வாங்கியதில்லை என்பது உண்மையா?
– மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: அட்டைகள் அறிமுகமானது 1970 உலகக் கிண்ணத்தில்தான், தங்கச்சி, அதற்கு முன் மத்தியஸ்தர் பெயரை எழுதி எச்சரிப்பார், அல்லது வெளியே அனுப்புவார். கிட்டத்தட்ட 700 லீக் ஆட்டங்களில் மத்தியூஸுக்கு இவ்விரண்டும் ஒருமுறையேனும் நேர்ந்ததில்லை.