இங்க்ரியப் பின்னியர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பீட்டர்ஸ்பர்க் பற்றிய கட்டுரையில், நகரைச் சூழ்ந்திருந்த, பின்லாந்தின் மொழி பேசிய பின்னியரின் கிராமங்களை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர்கள் அந்நகருக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்கள்தானே? இத்தனை தலைமுறைக்குப் பின்னும் அவர்களைப் பின்னியர் என்பது சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் நகரத்தைத் தேடி வரவில்லை. அவர்களுடைய வயல்களுக்கு நடுவேதான் நகரம் எழுந்தது. பின்னாளில் பீட்டர்ஸ்பர்க் எழுந்த பகுதியான இங்க்ரியா, 1617இல் ரஷ்யாவும் ஸ்வீடனும் செய்த ஸ்டோல்போவோ உடன்படிக்கையால் ஸ்வீடன் வசமானது. அம்மண்ணின் பழங்குடிகளான இஷோரியரிலும் வோத்தியரிலும் பலர் ஆர்த்தடாக்ஸ் சமயத்தைக் காத்துக்கொள்ள ரஷ்யப் பக்கம் போய்விட, ஆளற்றுக் கிடந்த நிலங்களுக்குக் வடக்கே அடுத்திருந்த கரேலிய நிலச்சந்தியிலிருந்தும் பின்லாந்தின் கிழக்குப் பகுதியான சாவோவிலிருந்தும் லுத்தரன் உழவர்கள் வந்தார்கள். ரஷ்யப் பேரரசர் பீட்டர் தன் நகரத்தைத் தொடங்கியதோ அதற்கெல்லாம் பின், 1703இல்.

நிலச்சந்தியிலிருந்து வந்தவர்கள் ஐராமொயிசெத், சாவோவிலிருந்து வந்தவர்கள் சவகோத் எனப்பட்டனர். ஐராமொயிசெத் பெண்களின் சட்டை மார்பில் ‘ரெக்கோ’ என்னும் அடர்ந்த பூத்தையல் இருக்கும். அதைக் கண்டே ஒரு பெண் எந்தப் பிரிவினள் என்று சொல்லிவிடலாம். ஆனால் இரு பிரிவினரையும் பின்னியராக இணைத்தது தேவாலயம் என்றே நான் கருதுகிறேன். அருகிலிருந்த இஷோரியரின் மொழியும் பின்னிய மொழிக்கு நெருங்கிய உறவுடையதுதான்; இருந்தும் சமயம் இவர்களைப் பிரித்தே வைத்தது. லுத்தரன் முறைப்படி திடப்படுத்தல் (வளர்ந்தபின் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெறாதவருக்குத் திருமணம் இல்லை, அந்தச் சடங்குக்கான பாடமோ பின்னிய மொழியில் வாசிப்பது. இப்படித்தான் ஏழை உழவர் வீட்டிலும் பின்னிய மொழி எழுத்தாக நிலைத்தது.

அந்த வேரைத்தான் ஸ்டாலின் அரசு வெட்டியது. 1930களில் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுத் தொலைதூரங்களுக்கு அப்புறப்படுத்தினார்கள். 1937இல் பின்னிய மொழிப் பள்ளிகளை மூடினார்கள். போரின்போது, 1943–44இல், ஜெர்மானியப் பிடியிலிருந்த பகுதியிலிருந்து ஏறக்குறைய 63,000 பேர் பின்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பின்லாந்தும் சோவியத்தும் செய்த போர்நிறுத்தத்துக்குப் பின் சுமார் 55,000 பேர் சோவியத்துக்குத் திரும்பினர். வீடு திரும்புகிறோம் என்று நம்பி ரயிலேறியவர்களை இங்க்ரியாவுக்கு விடாமல் யாரோஸ்லாவல், கலினின் போன்ற மாகாணங்களில் இறக்கிவிட்டார்கள். இதை எழுதும்போதும் மனம் பதைக்கிறது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் பதில், ஆம், அவர்கள் பின்னியரே. சோவியத் அடையாளச் சீட்டில் அவர்களின் இனம் ‘பின்னியர்’ என்றே எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெயருக்காகவே அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 1990இல் பின்லாந்து அதிபர் கொய்விஸ்தோ அவர்களைத் ‘தாயகம் திரும்புவோர்’ என ஏற்கலாம் என்றார். பாட்டிமார் பழைய வட்டார வழக்கைப் பேச, ரஷ்ய மொழியில் வளர்ந்த பேரப்பிள்ளைகளோடு பல்லாயிரவர் போய்ச் சேர்ந்தார்கள். பின்னர் அங்கே குடியேற மொழித்தேர்வும் கட்டாயமாயிற்று. பள்ளி பறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்தப் பின்னிய மொழியை வயது வந்தபின் புதிதாகக் கற்று அத்தேர்வை எழுதினார்கள்.

அன்புடன்