எம்.எஸ். நோய்க்கு ஸ்பெக்ட்ராஸ்கோபி: தனியாகப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.; மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) என்று உறுதியாகி இரண்டு வருடம் ஆகிறது. இந்த வருட எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பதிவு செய்யப் போனபோது, "ஸ்பெக்ட்ராஸ்கோபியும் சேர்த்து எடுங்கள், நோய் எந்த அளவில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும்" என்றார்கள். அதற்குத் தனிக் கட்டணம். டாக்டர் எழுதிய சீட்டில் அது இல்லை. எடுக்கலாமா?

பதில்: சீட்டில் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

சோதனையைக் குறை சொல்லவில்லை. அதே எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில், கதிர்வீச்சு இல்லாமல், மூளையின் ஒரு சிறு பகுதியில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் இது. படத்துக்குப் பதில், மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும். கீழே எண்கள் வலமிருந்து இடமாக ஏறும். 2.0 பக்கத்தில் உயர்ந்து நிற்பது என்.ஏ.ஏ.; நரம்பணுக்களில் இருக்கும் பொருள். அவை சிதைந்தால் இந்த முகடு தாழும். 3.2 பக்கத்தில் இருப்பது கோலின். நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை புதிதாகச் சிதையும்போது இது உயரும். எம்.எஸ். உள்ளவர்களுக்கு, சாதாரணப் படத்தில் பழுதில்லாமல் தெரிகிற இடத்தில்கூட என்.ஏ.ஏ. குறைந்திருக்கலாம். ஆராய்ச்சிக்கு இது மிகப் பெரிய உதவி.

ஆனால் உங்கள் தங்கை ஒருவருக்கு 'துல்லியமாக' என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. அளப்பதற்காக மூளையில் குறிக்கும் பெட்டி பெரும்பாலும் ஒரு பக்கம் 1 முதல் 2 செ.மீ. இருக்கும். எம்.எஸ். தழும்புகளில் (நோயால் பழுதான இடங்களில்) பலவும் சில மி.மீ. அளவுதான். ஆகவே தழும்பும் அதைச் சுற்றியுள்ள நல்ல பகுதியும் கலந்துதான் கணக்கில் வரும். அடுத்த வருடம் பெட்டி கொஞ்சம் நகர்ந்தாலோ, இயந்திரம் மாறினாலோ எண்ணும் மாறும். அறிக்கையில் பெரும்பாலும், அதே கோட்டில் தெரியும் கிரியாட்டின் என்ற இன்னொரு வேதிப்பொருளோடு ஒப்பிட்ட விகிதத்தைத்தான் தருவார்கள். அந்தக் கிரியாட்டினே இந்த நோயில் மாறக்கூடும். போதாததற்கு, புதுத் தழும்பில் குறைந்த என்.ஏ.ஏ. பிறகு ஓரளவு மீளவும் செய்யும். அப்படியிருக்க, விகிதம் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று அவர் நடுங்குவதில் என்ன பயன்?

நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் பின்பற்றும் மெக்டொனால்ட் அளவுகோலில் (2001-இல் வந்தது, 2017-இலும் திருத்தப்பட்டது) ஸ்பெக்ட்ராஸ்கோபிக்கு இடமில்லை. மருந்தை மாற்றலாமா என்று பார்க்கும்போதும் புதுத் தழும்பு, புதுத் தாக்குதல், நடை, பார்வை, கை பலம் இவற்றைத்தான் முக்கியமாகக் கவனிப்பார்கள்.

ஒரு சந்தர்ப்பம் உண்டு. தழும்பு பெரிதாக, கட்டி மாதிரி தெரிந்தால், அது எம்.எஸ்.தானா, புற்றுக்கட்டியா என்று பிரித்தறிய டாக்டரே இதைக் கேட்கலாம். அப்போது தயங்காமல் எடுங்கள். இரண்டிலும் கோலின் உயரும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்டமாட்டார்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "இதன் முடிவைப் பொறுத்து சிகிச்சையில் ஏதாவது மாறுமா?" மாறாது என்றால் விட்டுவிடுங்கள். அதைவிட, இந்த வருட எம்.ஆர்.ஐ.யை முடிந்தவரை போன முறை எடுத்த அதே இயந்திரத்தில், அதே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், பழைய ஸ்கேனின் அறிக்கையோடு, படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் மறக்காமல் கொண்டு போங்கள். புதுத் தழும்பு வந்திருக்கிறதா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.