நல்ல ஆசிரியை, நல்ல மையப் பொறுப்பாளர் ஆக எது குறைகிறது?

கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் மழலையர் வகுப்பு எடுத்த, உங்களுக்குத் தெரிந்த ஒருவர், குழந்தைப் பராமரிப்பு மையத்தை நடத்த ஏன் மறுபடி சமுதாயக் கல்லூரிக்கு (இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரிக்கு) போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அங்கே உரிம விதிப்படி, பள்ளிப் படிப்பும் 4 ஆண்டு அனுபவமும் உள்ளவருக்கு 15 யூனிட் (கல்லூரிப் பாடங்களை அளக்கும் அலகு; ஒரு பாடம் பொதுவாக 3 யூனிட்) போதும். அதில் 12 குழந்தைக் கல்வி. நிர்வாகத்துக்கு வெறும் 3, அதாவது ஒரே ஒரு பாடம்! எனக்கு இது போதவே போதாது என்றுதான் படுகிறது.

காலை ஏழு மணியை நினைத்துப் பாருங்கள். 24 பிள்ளைகள் வரப்போகிறார்கள், 12 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. இரண்டு ஆசிரியைகளில் ஒருவர் காய்ச்சல் என்று போன் செய்கிறார். வாசலில் வேலைக்குக் கிளம்பிய அம்மா, இடுப்பில் குழந்தையோடு நிற்கிறார். மாற்று ஆள், அவருக்கான சம்பளக் கணக்கு, அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் பொறுப்பாளர் தலையில். பாட்டும் கதையும் தெரிந்திருப்பது இங்கே உதவாது.

அங்குள்ள சமுதாயக் கல்லூரிகள் ஒன்றுகூடி, குழந்தைக் கல்விக்கான 8 பாடங்களை, 24 யூனிட்டை, ஒரே மாதிரி ஆக்கியது பெரிய சீர்திருத்தம். கல்லூரி மாறினாலும் படித்தது வீணாகாது. ஆனால் அந்த எட்டில் நிர்வாகம் இல்லை; அப்புறம்தான் நிர்வாகத்துக்கு இரண்டு பாடங்களும், உடன் வேலை செய்பவர்களை மேற்பார்வை செய்யும் பாடமும் சேர்ந்தன. உங்களுக்குத் தெரிந்தவர் அந்தக் கடைசிப் பாடத்தை முதலில் எடுக்கட்டும். நேற்றுவரை தோழியாக இருந்தவரிடம் இன்று குறை சொல்வது எப்படி என்பதை வகுப்பறை அனுபவம் கற்றுத் தராது.