எடை கூடிய அம்மா அறிவுரை சொல்லலாமா?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் உடல் பருமன். ஒன்பது வயது மகனுக்கும் இப்போது எடை கூடுகிறது. "தின்பண்டத்தைக் குறை, ஓடி விளையாடு" என்றால், "நீங்க மட்டும்?" என்கிறான். நாங்கள் இளைத்த பிறகுதான் அவனிடம் பேச முடியுமா? பரம்பரை என்றால் முயற்சி செய்துதான் என்ன பயன்?

பதில்: பையன் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறான். "சரி, இனிமேல் நாங்களும்" என்று சொல்லிவிடுங்கள்.

பரம்பரை உண்மைதான். 1986-ல் டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, அவர்களின் உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது, வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. அதனால் உங்களைச் சோம்பேறி என்று சொல்லும் உறவினர்களைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் மரபணு பெரும்பாலும் பசியைத்தான் தூண்டிவிடும். சமையலறை அலமாரியை நிரப்புவது நீங்கள்.

நீங்கள் இளைக்கும்வரை காத்திருந்தால் அவன் கல்லூரிக்கே போய்விடுவான். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிய குடும்பங்களில், பிள்ளையை மட்டும் மாற்ற முயன்ற குடும்பங்களைவிட, 10 ஆண்டு கழித்தும் பலன் நன்றாக இருந்ததாக 1990-ல் ஓர் ஆய்வு வந்தது. எனவே அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு வேண்டவே வேண்டாம். தின்பண்டத்தை வாங்கி ஒளித்து வைப்பதும் வீண். தடுத்த பண்டத்தின் மேல்தான் குழந்தைக்கு ஆசை கூடும். வாங்காமலே இருங்கள். இனிப்பு பானம் வீட்டில் யாருக்கும் கிடையாது, தண்ணீர்தான். என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பதெல்லாம் உங்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். பிடிக்காத காய் பழகுவதற்குப் பத்துத் தடவைக்கு மேல்கூட ஆகலாம். தட்டில் கொஞ்சம் வையுங்கள், கெஞ்சாதீர்கள்.

கணவர் என்ன செய்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லையே? கடையில் பையை நிரப்புவது அவர் என்றால் முதலில் அவரிடம் பேசுங்கள்.

அப்புறம் விளையாட்டு. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் நன்றாக அசைய வேண்டும், பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவனை மட்டும் வெளியே துரத்திவிடாமல் நீங்களும் பந்தை எறியுங்கள். மூச்சு வாங்கினால் வாங்கட்டும்.

அவனை வாராவாரம் எடை பார்க்க நிறுத்தாதீர்கள். வளரும் வயதில் பல பிள்ளைகளுக்கு எடை குறையவே தேவையில்லை. உயரம் கூடும்போது எடை அதே அளவில் நின்றாலே போதும். இவனுக்கு எது தேவை என்பதைக் குழந்தை மருத்துவர் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்துச் சொல்வார்.