எம்.காமா, சி.ஏ.வா?

பி.காமில் 62 சதவீதம், கல்லூரியில் பாடம் எடுக்கத்தான் ஆசை, ஆனால் வீட்டில் சி.ஏ. படிக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆசை அதுதான் என்றால் தயங்காமல் எம்.காம் சேருங்கள். சி.ஏ. எங்கேயும் போய்விடாது. பி.காமில் 55 சதவீதம் இருந்தாலே ஃபவுண்டேஷன் என்ற முதல் கட்டத் தேர்வை எழுதாமல், நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். சி.ஏ. முடித்தவர்களும் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதலாம் என்று 2021-இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்தது உண்மைதான். ஆனால் அதற்கு ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் எடுக்கும் கட்டாயப் பயிற்சி), ஃபைனல் தேர்வு எல்லாம் தாண்டி வர வேண்டும். எம்.காமிலோ கடைசி வருடத்திலேயே நெட் எழுத விடுகிறார்கள். நெட்டுக்கு முதுகலையில் பொதுப்பிரிவுக்கு 55 சதவீதம் கட்டாயம், ஓ.பி.சி.க்கு (கிரீமி லேயர் இல்லாவிட்டால்) 50. அதைக் கோட்டை விடாதீர்கள். அப்புறம், நெட்டில் அதிக மதிப்பெண் எடுத்து ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் பிஎச்.டி. படிக்க மாதாமாதம் உதவித்தொகை வரும். வீட்டில் முதலில் இதைச் சொல்லிப் பாருங்கள்.