காருக்குள் கேன் பஸ், ஈதர்நெட் என்கிறார்களே, அவை என்ன?

இன்றைய காரில் இன்ஜின், பிரேக், ஏர்பேக், ஏசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உண்டு. அவை தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான விதிமுறைதான் கேன். எல்லாவற்றுக்கும் இடையே தனித்தனி ஒயர் இழுத்தால் எடையும் செலவும் எகிறிவிடும். அதனால் ஒரே ஜோடி முறுக்கு ஒயரைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பொது ஒயரைத்தான் பஸ் என்கிறார்கள். பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு இது. புதுப்பேட்டை மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகுகிறாரே, அந்த 16 பின் சாக்கெட்டில் 6ஆம் பின்னும் 14ஆம் பின்னும்தான் பெரும்பாலான புதிய கார்களில் அந்த ஜோடி.

ஒரே ஒயரில் இருவர் ஒன்றாகப் பேச ஆரம்பித்தால்? ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. அண்ணா சாலையில் ஆம்புலன்ஸுக்கு மற்ற வண்டிகள் ஒதுங்குவதுபோல, பெரிய எண் தானாக நின்றுவிட்டு அப்புறம் முயலும். நம் ஊரில் ஆம்புலன்ஸே கொஞ்சம் திணறும். இங்கே முந்திய செய்தி ஒரு பிட் நேரம்கூட இழப்பதில்லை. கேனில் உண்மையான கெட்டிக்காரத்தனம் இதுதான்.

சரி, வேகம்? பழைய கேனில் நொடிக்கு அதிகபட்சம் 10 லட்சம் பிட், ஒரு செய்திக்கு 8 பைட். பிரேக், கதவுக்கு அது தாராளம். 2012இல் வந்த அதன் மேம்பட்ட வடிவமான கேன் எஃப்டி 64 பைட் வரை சுமக்கும். கேமரா படத்துக்கு அதுவும் போதாது. அங்கேதான் ஒரு ஜோடி ஒயரிலேயே நொடிக்கு 100 மெகாபிட்டும் அதற்கு மேலும் அனுப்பும் வாகன ஈதர்நெட் வருகிறது.

ஈதர்நெட் இருந்தால் காரில் இன்டர்நெட் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது காருக்குள் ஓடும் ஒயர் மட்டுமே, இன்டர்நெட்டுக்கு சிம் வேறு வேண்டும்.