ஏறவும் ஓடவும் ஒரே வண்டி
டூரிங் பைக்: வாசகர் கேள்வி பதில்

கே: மாதம் இரண்டு தடவை ஏற்காடு, வருஷத்துக்கு ஒரு தடவை கன்னியாகுமரி. பின்னால் மனைவி உட்காருவார். ராயல் என்ஃபீல்டில் மீட்டியர் 350 எடுப்பதா, ஹிமாலயன் 450 எடுப்பதா என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கிறது. தீர்ப்பு சொல்லுங்கள்.
(கோரிமேடு வாசகர்)

ப: விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் பவரைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் இழுவிசை, இன்ஜினின் எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று பாருங்கள். மீட்டியரில் 27 என்எம் (நியூட்டன் மீட்டர்), 4,000 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 4,000 சுற்றில்). ஹிமாலயனில் 40 என்எம், 5,500 ஆர்பிஎம்மில். ஏற்காடு மலைப்பாதையில் இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் வேகம் 15, 20 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். முன்னால் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தால் அதுவும் இல்லை. அந்த வேகத்தில், இரண்டு பேர் பாரத்தோடு, 350 இன்ஜின் இரண்டாவது கியரிலேயே திணறாமல் இழுத்து வெளியே வந்துவிடும். 450 இன்ஜின் 3,000 சுற்றுக்குக் கீழே சோம்பேறி. முதல் கியருக்கு இறக்க வேண்டும். இறக்கச் சோம்பல்பட்டு கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி ஓட்டுகிறவர்கள்தான் மேலே போய்ச் சேரும்போது கிளட்ச் பிளேட் கருகும் வாசனையோடு நிற்பார்கள். தப்பு வண்டியுடையது இல்லை, கியருடையது.

ஆனால் இரண்டு வளைவுக்கு நடுவில் இருக்கும் சின்ன நேர்பாதையில் பஸ்ஸைத் தாண்ட வேண்டும் என்றால் 450 ஒரே மூச்சில் தாண்டும். 350க்கு அங்கே பொறுமை வேண்டும். அதோடு 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைகிறது. இன்ஜினும் கிட்டத்தட்ட அதே அளவு பலத்தை இழக்கும். 40 பிஎஸ் (குதிரைத்திறன்) வண்டிக்கு அது உறைக்காது, 20 பிஎஸ் வண்டிக்கு உறைக்கும்.

கன்னியாகுமரிக்கு வருவோம். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018இல் வைத்த உச்சவரம்பு 80 கிமீ. 350 அலுங்காமல் ஓடுவதும் 80, 90இல்தான். 100ஐத் தாண்டினால் ஃபுட்பெக்கிலும் (கால் வைக்கும் கம்பி) ஹேண்டில்பாரிலும் அதிர்வு ஏறும். சட்டப்படி போகிறவருக்கு 350 போதும்.

காசுக் கணக்கையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். மீட்டியர் 349 சிசி, ஹிமாலயன் 452 சிசி. இதற்கு மேல் சாலை வரி. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 12 சதவீதம். ஆக வரி வித்தியாசத்திலேயே ஒரு நல்ல சேடில் பேக், இரண்டு ஹெல்மெட், ரெயின்கோட் எல்லாம் அடங்கிவிடும்.

தீர்ப்பு: உங்கள் பயணத்துக்கு 350. ஒரு திருத்தம் மட்டும். மீட்டியரில் ஃபுட்பெக் முன்னால் தள்ளி இருப்பதால் பள்ளத்தில் எழுந்து நின்று ஓட்ட முடியாது, குலுக்கல் நேராக இடுப்புக்கு வரும். இடுப்புவலி உள்ளவர் என்றால் அதே இன்ஜினோடு வரும் கிளாசிக் 350ஐயும் ஓட்டிப் பாருங்கள். லடாக், ஸ்பிதி என்று மனசில் ஏதாவது இருந்தால் மட்டும் 450.

கே: என் உயரம் 5 அடி 3 அங்குலம். அட்வென்ச்சர் வண்டி ஆசை. சீட் உயரம் 825 மில்லிமீட்டர் என்கிறார்கள். சமாளிக்க முடியுமா?
(அயோத்தியாப்பட்டணம் வாசகி)

ப: உடம்பின் உயரத்தை விட்டுவிட்டு உட்கால் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை டேப் வையுங்கள். உங்கள் உயரத்துக்குப் பெரும்பாலும் 72 முதல் 74 செ.மீ. வரும். பூட்ஸ் போட்டால் 2, 3 செ.மீ. கூடும். நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கி இன்னொரு 3 செ.மீ. குறையும். அப்படியும் 825 சீட்டில் விரல் நுனிதான் தரையைத் தொடும்.

சமதளத்தில் விரல் நுனி போதும். சிக்கல் இடது கொண்டை ஊசியில். நாம் இடதுபுறம் போவதால் வளைவின் உள்பக்கத்தில் இருப்போம். அங்கேதான் ஏற்றம் அதிகம், சாலையும் இடதுபக்கம் சாய்ந்திருக்கும். முன்னால் வண்டி நின்றுவிட்டால் வலது கால் பிரேக்கில் இருக்கும், இடது காலைத்தான் ஊன்ற வேண்டும். ஊன்றும் இடமோ 3, 4 செ.மீ. பள்ளம். புது வண்டிகள் முதல் மாதத்தில் இடதுபக்கம் சாய்ந்து கிளட்ச் லீவரை ஒடித்துக்கொள்வது இப்படித்தான்.

எடையும் கணக்கில் வர வேண்டும். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் சீட் 835, ஆனால் எடை 167 கிலோ. ஹிமாலயன் 450 சீட் 825, எடை 196 கிலோ. சாயும்போது நிமிர்த்துவதற்கு அந்த 29 கிலோ பெரிய விஷயம். ஹிமாலயனுக்கு 805 வரை இறங்கும் தாழ்வான சீட் தனியாகக் கிடைக்கிறது. மீட்டியர் சீட் 765தான்.

லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் இணைப்புத் தகடு) போட்டு இறக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். பின்பக்கம் மட்டும் இறக்கினால் முன்பக்கம் தூக்கி, ஹேண்டில் மந்தமாகிவிடும். முன் ஃபோர்க்கையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். சைடு ஸ்டாண்டையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திய வண்டி வலதுபக்கம் கவிழும். 25 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கவே வேண்டாம்.

கே: பெரிய டேங்க் உள்ள வண்டிதான் டூரிங்குக்கு நல்லதா?
(மல்லூர் வாசகர்)

ப: லிட்டரை மைலேஜால் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 17 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 28 என்றால் 476 கிமீ. 12 லிட்டர், லிட்டருக்கு 35 என்றால் 420. வித்தியாசம் 56 கிமீதான். இரண்டிலும் கடைசி 2 லிட்டரைத் தொடக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க்குக்குப் பஞ்சமில்லை. நிரம்பிய பெரிய டேங்க் எடையை மேலே ஏற்றிவைக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கே: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது என் பழைய 150 சிசி வண்டியில் பாதி வழியிலேயே பிரேக் கருகும் வாசனை, லீவர் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. பெரிய டிஸ்க் உள்ள புது வண்டி வாங்கினால் தீருமா?
(கன்னங்குறிச்சி வாசகர்)

ப: பழக்கத்தை மாற்றாவிட்டால் புது வண்டியிலும் அதே வாசனை வரும்.

பெரிய புது வண்டி 200 கிலோ என்று வையுங்கள், இரண்டு பேர் 135, பை 15. மொத்தம் 350 கிலோ. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். இவ்வளவு எடையை அவ்வளவு உயரத்திலிருந்து இறக்கும்போது வெளிவரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒரு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் ஒரு பங்கை எதிர்க்காற்றும் பெரும்பங்கை இன்ஜினும் வாங்கிக்கொள்ள வேண்டும். நியூட்ரலில் விட்டு இறங்கினாலோ கிளட்ச்சைப் பிடித்தபடி இறங்கினாலோ இன்ஜின் பங்கும் பிரேக் தலையில் விழும்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு வளையுங்கள். பின்பிரேக்கில் காலை ஊறப்போடாதீர்கள். விட்டு விட்டுப் பிடித்தால் நடுவில் டிஸ்க் ஆறிக்கொள்ளும். ஏறி வருகிறவருக்கு வழிவிடுவது இறங்குகிறவர் கடமை, அதுவும் சட்டம்.

லீவர் பஞ்சானது பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டதால். புதிய டாட் 4 ரக பிரேக் ஆயில் 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட ஆயிலுக்கு அதுவே 155. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். வழியில் பஞ்சாகிவிட்டால் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும். ஆறியதும் லீவர் பழையபடி கெட்டியாகும், அதை நம்பி ஏமாறாமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

புது வண்டியில் கேட்க வேண்டியது இரண்டு: இரட்டை சேனல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது இரண்டு சக்கரமும் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஸ்லிப்பர் கிளட்ச் (சட்டென்று கியர் இறக்கும்போது பின்சக்கரம் உதறாமல் காப்பது). 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம்தான், ஆனால் பல வண்டிகளில் முன்சக்கரத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

கே: ஸ்போக் வீலா, அலாயா?
(ஓமலூர் வாசகர்)

ப: தார்ச்சாலையில் ஓட்டுகிறவருக்கு அலாய், டியூப்லெஸ். விவாதமே வேண்டாம். பள்ளத்தில் அடித்தால் ஸ்போக் வளையும், அலாய் விரிசல் விடும் என்பது உண்மை. ஆனால் சாதாரண ஸ்போக்கில் டியூப் இருக்கும். ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை உருவ வேண்டும். கடை இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். டியூப்லெஸ்ஸில் பத்து நிமிஷம்.

ஆணியைப் பிடுங்கும் முன் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள், பிடுங்கியபின் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. ஆணி ஏறிய அதே கோணத்தில் ராவு ஊசியை ஏழெட்டுத் தடவை ஏற்றி இறக்குங்கள். ரப்பர் திரியை ஊசிக்கண்ணில் கோத்து, சொல்யூஷன் தடவி, முக்கால் பாகம் உள்ளே தள்ளிச் சடாரென்று இழுங்கள். மெதுவாக இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும். வெளியே நீட்டியதில் 3 மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள். காற்றடித்து எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி வரக்கூடாது. டயரின் பக்கச்சுவரில் ஓட்டை என்றால் இந்த வித்தை பலிக்காது, டயரையே மாற்ற வேண்டும்.

டியூப்லெஸ் ஸ்போக் என்று ஒன்று வந்திருக்கிறது. இரண்டு நல்லதும் அதில் உண்டு, விலையும் உண்டு.

கே: டாப் பாக்ஸ், இரண்டு சைடு பாக்ஸ் மாட்டினால் நெடுஞ்சாலையில் ஹேண்டில் ஆடுகிறது என்கிறார்களே?
(கொண்டலாம்பட்டி வாசகர்)

ப: ஆடும். பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்குகிறது. முன்சக்கரம் இலேசானால் லாரி தள்ளும் காற்றுக்கே ஹேண்டில் படபடக்கும். கனமான டூல்கிட், செயினுக்கு அடிக்கும் ஆயில், தண்ணீர் பாட்டில் எல்லாம் சைடு பேக்கின் அடியில், முன்பக்கமாக. டாப் பாக்ஸில் ரெயின்கோட்டும் துண்டும் போதும், 5 கிலோவுக்கு மேல் வேண்டாம்.

வாங்கும் முன்பே மேனுவலில் அதிகபட்ச மொத்த எடையைப் பாருங்கள். அதிலிருந்து வண்டி எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். நீங்கள் 78, பின்சீட் 62, பெட்டிகளும் கம்பிச் சட்டமும் 14, துணிமணி 16 என்றால் 170 கிலோ ஆகிவிட்டது. பல வண்டிகளுக்கு இது விளிம்பு. பின் சஸ்பென்ஷன் பிரீலோடை (ஸ்பிரிங் இறுக்கம்) இரண்டு படி ஏற்றுங்கள். செயின் கார்டிலோ பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு பேருக்கான காற்றளவு தனியாக இருக்கும். அதை டயர் சூடாகும் முன், காலையிலேயே அடிக்க வேண்டும்.

கே: டெஸ்ட் ரைடு என்றால் ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு விடுகிறார்கள். அதில் என்ன தெரியும்?
(ஐந்துரோடு வாசகர்)

ப: ஒன்றும் தெரியாது. இருபது நிமிஷமாவது கேளுங்கள், பின்சீட்டில் உட்காரப் போகிறவரையும் அழைத்துப் போங்கள். வண்டி சூடேறாமல் இருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சேலம் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 30இல் தொடங்கித் திராட்டிலைத் திறந்து பாருங்கள். செயின் அடித்துக்கொண்டு உதறினால் அந்த இன்ஜின் மலையில் உங்களைக் கியர் மாற்றியே களைக்க வைக்கும். சிக்னலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது சூடு எந்தக் காலில் அடிக்கிறது என்று கவனியுங்கள். சித்திரை வெயிலில் அதுதான் வண்டியை விற்க வைக்கும். பின்சீட்காரரிடம் ஒரே கேள்வி: முட்டி எவ்வளவு மடங்குகிறது?

கே: மேலே பனிமூட்டத்துக்குக் கூடுதல் லைட் போடலாமா?
(ஏற்காடு நாகலூர் வாசகர்)

ப: ஹெட்லைட்டுக்குக் கீழே, கிராஷ் கார்டில், மஞ்சள் வெளிச்சம். மேலே போட்டால் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். ஜோடி 40 வாட் என்றால் 3.3 ஆம்பியர்தான், 5 ஆம்பியர் ஃப்யூஸ், ரிலே, சாவி போட்டால் மட்டும் எரியும் இணைப்பு. ஹெட்லைட் ஒயரை வெட்டி ஒட்டுப்போடாதீர்கள். வாரன்டி அந்த ஒட்டிலேயே முடிந்துவிடும். கம்பெனியே கப்ளரோடு தரும் லைட் இருந்தால் இரண்டாயிரம் கூடினாலும் அதையே வாங்குங்கள், ஊருக்குள் வந்ததும் அணைத்துவிடுங்கள்.